மருத்துவம் படிக்கப் போகிறீர்களா? கடைசிப் பருவத்தில் டாக்டருடன் இருந்து பார்க்கும் வாய்ப்பைத் தேடுவது எப்படி?

எஸ்டிபிஎம் மூன்றாம் பருவம், மெட்ரிகுலேஷன் இரண்டாம் பருவம், ஃபவுண்டேஷன், ஏ-லெவல். எதுவாக இருந்தாலும் முடிய இன்னும் சில வாரங்கள்தான். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற முடிவில் இருக்கிறீர்கள். நேர்முகத் தேர்வு எப்படி இருக்கும் என்று சீனியரிடம் கேட்டால், அவர் முதலில் கேட்பது இதுதான்: "ஷேடோவிங் செஞ்சிட்டியா?"

வகுப்பில் ஒருவர் அப்பாவின் நண்பருடைய கிளினிக்கில் இரண்டு வாரம் இருந்திருக்கிறார். இன்னொருவரின் அம்மாவே டாக்டர். உங்கள் குடும்பத்தில் டாக்டர் யாரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்த டாக்டர் என்றால், காய்ச்சல் வந்தால் போய்ப் பார்ப்பவர் மட்டும்தான். இனிமேல் எங்கே போய் யாரைக் கேட்பது?

கோலாலம்பூர், கிள்ளான் பகுதி மாணவர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கம் எழுதப்பட்டுள்ளது.

சுருக்கமாக

- மலேசியாவில் மருத்துவம் படிக்க ஷேடோவிங் ஒரு கட்டாயத் தகுதி அல்ல. ஆனால் நேர்முகத் தேர்வில் அது உதவும். அதைவிட, நீங்கள் முடிவெடுக்க உதவும்.
- கடைசி நேரத்தில் பெரிய மருத்துவமனையைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்கில் இடம் கிடைப்பது எளிது.
- கிளினிக் கிடைக்காவிட்டால் நோயாளிகளைப் பராமரிக்கும் தன்னார்வப் பணியும் நல்ல அனுபவம்தான். வீட்டில் தாத்தா, பாட்டியைப் பார்த்துக்கொண்ட அனுபவமும் அப்படியே.
- எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதைவிட, என்ன பார்த்தீர்கள், என்ன யோசித்தீர்கள் என்பதே முக்கியம்.

ஷேடோவிங் என்றால் என்ன?

ஒரு டாக்டர் வேலை செய்யும்போது அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்ப்பது. அவ்வளவுதான். நீங்கள் நோயாளியைத் தொட மாட்டீர்கள். ஊசி போட மாட்டீர்கள். ரத்த அழுத்தம்கூடப் பார்க்க மாட்டீர்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து, அந்த வேலை நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று கவனிப்பீர்கள்.

இந்த வழக்கம் அமெரிக்காவில் வலுவாக இருக்கிறது. அங்கே முதலில் ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டுத்தான் பெரும்பாலோர் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். அதனால் அந்த நான்கு ஆண்டுகளில் டாக்டருடன் இருந்து பார்க்க நேரம் கிடைக்கிறது. யூடியூபில் "நூறு மணி நேரம் ஷேடோவிங் செய்தேன்" என்று பேசுபவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் பயப்பட வேண்டாம்.

பிரிட்டனில் இதை வேலை அனுபவம் என்கிறார்கள். அது மருத்துவமனையில்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை. முதியோர் இல்லம் போன்ற இடங்களில் மனிதர்களைப் பராமரித்த அனுபவமும் பொருந்தும் என்பது அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் பொதுவான நிலைப்பாடு. நமக்கும் அது பொருந்தும்.

மலேசியாவில் இது கட்டாயமா?

இல்லை. மருத்துவப் படிப்புக்கு மலேசிய மருத்துவ மன்றம், அதாவது எம்எம்சி, வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி பாடத் தேர்ச்சியைப் பற்றியது. எத்தனை மணி நேரம் ஷேடோவிங் என்ற கணக்கு அதில் இல்லை.

ஆனால் தேர்ச்சி மட்டும் போதாது. மலாயா பல்கலைக்கழகம் உட்பட அரசுப் பல்கலைக்கழகங்கள் மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வு வைக்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான். "ஏன் டாக்டராக வேண்டும்?" என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்தே தீரும். "மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு டாக்டரின் வேலையை நேரில் பார்த்தவரிடம் அதற்குமேல் சொல்ல ஏதாவது இருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் நாட்டில் 18, 19 வயதில் நேராக மருத்துவத்துக்குள் போகிறோம். படிப்பு ஐந்து ஆண்டு. பிறகு ஹவுஸ்மேன்ஷிப் இரண்டு ஆண்டு. ஒவ்வொரு துறையிலும் நான்கு மாதம் என ஆறு துறைகள். தனியாரில் படித்தால் செலவு பல லட்சம் ரிங்கிட். 2016 டிசம்பர் முதல் புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் அரசுப் பணியில் சேர்கிறார்கள். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் நடத்திய 'ஹர்த்தால் டாக்டர் கொன்ட்ராக்' போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இவ்வளவு பெரிய முடிவை, ஒரு டாக்டரின் வேலை நாளை ஒருமுறைகூடப் பார்க்காமல் எடுக்க வேண்டுமா?

எங்கே தொடங்குவது?

*தனியார் கிளினிக்*

முதலில் இதைத்தான் முயற்சி செய்யுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா வட்டாரங்களிலும், நீங்கள் குடியிருக்கும் தாமானிலும் கிளினிக்குகள் இருக்கும். பல கிளினிக்குகளில் டாக்டரே உரிமையாளர். முடிவெடுப்பவர் அவர் ஒருவரே என்பதால், "சரி, வியாழக்கிழமை வா" என்று அங்கேயே சொல்லிவிட முடியும்.

கிளினிக்கில் என்ன பெரிதாகப் பார்க்க முடியும் என்று நினைக்காதீங்க. காய்ச்சல், எம்சி கேட்டு வருபவர், குழந்தைத் தடுப்பூசி, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என ஒரே காலையில் எல்லாம் வரும். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். அந்த நோயோடு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்கக் கிளினிக் நல்ல இடம்.

*அரசு மருத்துவமனை*

கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை ஆகியவை எப்போதும் கூட்டம் நிறைந்தவை. ஏற்கனவே அங்கே ஹவுஸ்மேன்களும் பயிற்சித் தாதியரும் இருப்பார்கள். இன்னும் மருத்துவ மாணவராகாத ஒருவரின் விண்ணப்பம் வரிசையில் கடைசியில் நிற்பது இயல்பு. மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற போதனா மருத்துவமனைகள் சொந்த மாணவர்களுக்குத்தான் முதலிடம் தரும்.

விண்ணப்பிக்கக் கூடாது என்றில்லை. மருத்துவமனை இயக்குநருக்கு முகவரியிட்டுக் கடிதம் எழுதி, கல்லூரியின் உறுதிக் கடிதத்தையும் இணைத்து, பயிற்சிப் பிரிவில் கேளுங்கள். மலாய் மொழியில் எழுதினால் நல்லது. பதில் வரப் பல வாரங்கள் ஆகலாம். ஆகவே அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் கிளினிக்கையும் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மருத்துவமனை இணையத்தளங்களில் 'எலெக்டிவ்' என்ற பெயரில் இருக்கும் விண்ணப்பப் படிவம் ஏற்கனவே மருத்துவம் படிப்பவர்களுக்கானது. அதை நிரப்பி நேரத்தை வீணாக்காதீங்க.

*கிளினிக் கெசிஹாத்தான்*

அரசுச் சுகாதார கிளினிக்குகள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கீழ் இயங்குகின்றன. அங்குள்ள டாக்டர் சம்மதித்தாலும் மேலிடத்து அனுமதி தேவைப்படும். முதலில் கிளினிக்கில் யாருக்கு எழுத வேண்டும் என்று விசாரியுங்கள்.

யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது?

"எனக்கு யாரையும் தெரியாதே" என்று சொல்லும் முன் ஒரு தாள் எடுத்து இவர்களின் பெயரை எழுதுங்கள்:

- உங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் கிளினிக் டாக்டர். உங்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது.
- இப்போது மருத்துவம் படிக்கும் அல்லது ஹவுஸ்மேனாக இருக்கும் பள்ளி சீனியர். அவரால் அனுமதி தர முடியாது. ஆனால் யாரைக் கேட்கலாம் என்று சொல்ல முடியும்.
- உங்கள் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள். எந்த முன்னாள் மாணவர் எங்கே டாக்டராக இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.
- கோயில் அல்லது இயக்கத்தில் ரத்த தானம், இலவச மருத்துவப் பரிசோதனை ஏற்பாடு செய்பவர்கள்.
- கல்லூரியின் ஆலோசகர்.

கிளினிக்குக்கு நேரில் போவதானால் திங்கட்கிழமை காலையில் போகாதீங்க. எம்சி கூட்டம் இருக்கும். மதிய உணவுக்குப் பிறகு கொஞ்சம் ஓய்வான நேரம் பார்த்துப் போங்க. கவுண்டரில் இருக்கும் அக்காவிடம் மரியாதையாகப் பேசுங்கள். டாக்டரின் நேரம் அவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதி, தொலைபேசி எண்ணோடு கொடுத்துவிட்டு வரலாம்.

வாட்ஸ்அப் அல்லது மின்னஞ்சல் என்றால் சுருக்கமாக இருக்கட்டும். டாக்டருக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில் எழுதுங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

> வணக்கம் டாக்டர். நான் கிள்ளானில் எஸ்டிபிஎம் மூன்றாம் பருவத்தில் படிக்கிறேன். இந்த ஆண்டு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் மருத்துவத் துறையில் இல்லை. அதனால் முடிவெடுக்கும் முன் ஒரு டாக்டரின் வேலையை நேரில் பார்க்க விரும்புகிறேன். உங்கள் கிளினிக்கில் இரண்டு அரை நாள் மட்டும் அமர்ந்து பார்க்க அனுமதி தருவீர்களா? நோயாளிகளின் விவரங்களை வெளியில் சொல்ல மாட்டேன். நீங்கள் வெளியே போகச் சொல்லும்போது உடனே போய்விடுவேன். கல்லூரிக் கடிதம் தருகிறேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை டாக்டர். நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றி.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கேட்பது சின்ன அளவு: "இரண்டு அரை நாள்". டாக்டரின் முக்கியக் கவலைக்கு, அதாவது நோயாளிகளின் ரகசியத்துக்கு, நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள். மறுக்கவும் இடம் கொடுக்கிறீர்கள்.

குடும்பத்தில் யாரும் மருத்துவத் துறையில் இல்லை என்பதை மறைக்க வேண்டாம். நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு அதுவே நேர்மையான காரணம்.

பத்துப் பேரைக் கேட்டால் பலர் பதிலே சொல்ல மாட்டார்கள். மனசு வலிக்கும்தான். ஆனால் அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல, அவர்களுக்கு நேரமில்லை. ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம்.

அறைக்குள் போன பிறகு

நோயாளியின் சம்மதம் இல்லாமல் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. டாக்டர் உங்களை 'மாணவர்' என்று அறிமுகப்படுத்திச் சம்மதம் கேட்பார். யாராவது உங்களை 'டாக்டர்' என்று அழைத்தால் உடனே திருத்துங்கள். நோயாளி தயங்கினாலே போதும், எழுந்து வெளியே போய்விடுங்கள்.

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவாகக் கருதுகிறது. தனியார் கிளினிக்குகள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. எனவே:

- புகைப்படம், வீடியோ, இன்ஸ்டாகிராம் ஸ்டோரி எதுவும் வேண்டாம். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.
- வீட்டிலும் பெயர் சொல்லிப் பேசாதீங்க. நம் ஊரில் "இன்னைக்கு யாரு வந்தா தெரியுமா?" என்று ஆரம்பித்தால் மாலைக்குள் தாமான் முழுக்கப் பரவிவிடும். தெரிந்தவர் யாராவது நோயாளியாக வந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.
- குறிப்புப் புத்தகத்தில் பெயர், ஐசி எண், முகவரி எதுவும் எழுத வேண்டாம்.

உடை எளிமையாக, சுத்தமாக இருக்கட்டும். மூடிய காலணி, வெட்டிய நகம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரத்தம், புண் பார்த்துத் தலை சுற்றினால் சொல்லிவிட்டு உட்காருங்கள். முதல் முறை பார்ப்பவர்களுக்கு அது சகஜம். மருத்துவத்துக்கு நீங்கள் லாயக்கில்லை என்று அர்த்தமில்லை. உங்களுக்கே சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போக வேண்டாம்.

எதைக் கவனிப்பது?

நோயின் பெயர்களைக் கல்லூரியில் படித்துக்கொள்ளலாம். இங்கே மனிதர்களைக் கவனியுங்கள்.

ஓர் உதாரணம். வயதான ஓர் அம்மா காலில் கட்டோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஒண்ணுமில்ல டாக்டர், லேசான புண்ணுதான்" என்கிறார். டாக்டர் கட்டைப் பிரிக்கிறார். புண் லேசானதாக இல்லை. மெதுவாகக் கேட்டால்தான் தெரிகிறது, இரண்டு மாதமாக மாத்திரை போடவில்லை. பாகற்காய் ஜூஸ் குடித்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அப்போது திட்டுகிறாரா? விளக்குகிறாரா? மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் அதை எப்படிச் சொல்கிறார்? கூட வந்த மகனின் முகம் எப்படி இருக்கிறது?

மொழியையும் கவனியுங்கள். "கிறுகிறுன்னு வருது" என்று ஒரு பாட்டி சொன்னால், அது தலைசுற்றலா, மயக்கமா, பசியில் வரும் தளர்ச்சியா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. தமிழ் தெரியாத டாக்டருக்கு இது சிக்கல். உங்களிடம் மொழிபெயர்க்கச் சொன்னால், பாட்டி சொன்னதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் யூகத்தைச் சேர்க்காதீங்க. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் பேசும் ஒருவர் டாக்டரானால் அது எவ்வளவு உதவும் என்பது அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கே புரியும்.

ஒவ்வொரு நாள் முடிவிலும் மூன்று கேள்விகளுக்கு நாலு வரி எழுதி வையுங்கள்:

1. டாக்டருக்கே உறுதியாகத் தெரியாதபோது அவர் என்ன செய்தார்?
2. நோயாளி முதலில் சொல்லாமல் பிறகு சொன்னது என்ன? அதை எது வெளிக்கொண்டு வந்தது?
3. இந்த வேலையில் எனக்குச் சலிப்பாகத் தோன்றியது எது? அதை முப்பது ஆண்டு செய்ய முடியுமா?

நேர்முகத் தேர்வில் இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும். மணிக்கணக்கை மட்டும் கூட்டிச் சொல்லாதீங்க. "இரண்டு நாள்தான் பார்த்தேன். ஆனால் இதைக் கவனித்தேன்" என்பது நல்ல பதில். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எல்லாரும் மறுத்துவிட்டால்?

அப்போதும் வழி இருக்கிறது.

- ஹாஸ்பிஸ் மலேசியா: 1991-இல் தொடங்கப்பட்டது. செராஸிலிருந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் தீராத நோயுள்ளவர்களை வீட்டுக்கே சென்று பராமரிக்கும் அமைப்பு. தன்னார்வலர்களுக்கு இடமுண்டு.
- செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசியச் செம்பிறைச் சங்கம்: முதலுதவிப் பயிற்சி பெறலாம். தைப்பூசத்தில் பத்துமலையில் முதலுதவிக் கூடாரங்களைப் பார்த்திருப்பீர்கள். பயிற்சி முடித்த தன்னார்வலர்கள் அங்கே இருப்பார்கள்.
- மலேசியப் பார்வையற்றோர் சங்கம்: 1951 முதல் இயங்கும் இந்தச் சங்கத்தின் தலைமையகம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. உடற்குறையோடு வாழ்பவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்போது உதவுவது, எப்போது விலகி நிற்பது என்பதை டாக்டராகும் முன்பே கற்றுக்கொள்ளலாம்.
- ஒரு ஹவுஸ்மேனுடன் அரை மணி நேரம்: மருத்துவமனைக்குள் போக முடியாவிட்டாலும், சீனியர் ஒருவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, நேற்றைய ஷிஃப்ட் எப்படி இருந்தது என்று கேட்கலாம்.

இன்னொன்று. பல மாணவர்கள் இதைச் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். உங்கள் தாத்தாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர் நீங்களா? வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். பாட்டிக்கு இன்சுலின் நேரத்தை நினைவூட்டுபவர் நீங்களா? அம்மாவின் அரசு மருத்துவமனைச் சந்திப்புக்கு விடியற்காலையில் போய் எண் எடுத்துக் காத்திருந்தவர் நீங்களா? அதுவும் அனுபவம்தான். நோயாளியின் பக்கத்து நாற்காலியிலிருந்து மருத்துவத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதை வெட்கப்படாமல் சொல்லலாம். நோய் விவரம் சொல்லும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கேட்டால்?

கட்டணம் வாங்கும் மருத்துவ முகாம்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் "இந்தச் சான்றிதழ் இருந்தால் சீட் உறுதி" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. மாணவரை ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ அனுமதிப்பதாக விளம்பரம் செய்தால், விலகிவிடுங்கள். அறிமுகமில்லாத டாக்டர் என்றால், எம்எம்சி-யின் மெரிட்ஸ் இணையத்தளத்தில் பெயரைத் தேடி, பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம். அது இலவசம்.

ஆறு வாரம் இருந்தால்

- வாரம் 1: பத்துப் பேர் பட்டியல். கல்லூரியில் உறுதிக் கடிதம் கேட்பது.
- வாரம் 2: ஐந்து கிளினிக், ஒரு மருத்துவமனை, ஒரு தன்னார்வ அமைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் கேட்பது.
- வாரம் 3: பதில் வராதவர்களுக்கு ஒரு நினைவூட்டல். மீதி ஐந்து பேரை அணுகுவது.
- வாரம் 4, 5: கிடைத்த இடத்தில் இரண்டு முதல் நான்கு அரை நாள்.
- வாரம் 6: குறிப்புகளைப் படித்துப் பார்ப்பது. டாக்டருக்கும் கவுண்டரில் இருப்பவர்களுக்கும் நன்றி சொல்வது.

தேர்வு நெருங்கிவிட்டது என்றால் படிப்புக்குத்தான் முதலிடம். தேர்ச்சி இல்லாமல் நேர்முகத் தேர்வே வராது. எஸ்டிபிஎம் கடைசித் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இடையில் கிடைக்கும் வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பார்த்த பிறகு "வேண்டாம்" என்று தோன்றினால்?

அப்படித் தோன்றலாம். மூன்றாம் நாள் மாலை, "இது எனக்கானது இல்லை" என்று பட்டால் அதை ஒதுக்காதீங்க. ஒரு நாள் சோர்வா, உண்மையிலேயே பிடிக்கவில்லையா என்று பார்க்க இன்னொரு டாக்டரிடம் ஒரு நாள் இருந்து பாருங்கள். அப்போதும் அதே எண்ணம் என்றால் வீட்டில் பேசுங்கள். "எங்க பிள்ளை டாக்டர்" என்று சொல்லக் காத்திருக்கும் அப்பா, அம்மாவிடம் அதைச் சொல்வது கஷ்டம்தான். மூன்றாம் ஆண்டில், கடன் ஏறிய பிறகு சொல்வது அதைவிடக் கஷ்டம். மருந்தியல், உடலியக்கச் சிகிச்சை, தாதிமை, பொதுச் சுகாதாரம் என நோயாளிகளோடு வேலை செய்ய வேறு வழிகளும் உண்டு.

பார்த்த பிறகும் "வேண்டும்" என்றுதான் தோன்றுகிறதா? அப்படியானால் நேர்முகத் தேர்வில் "ஏன் டாக்டராக வேண்டும்?" என்று கேட்கும்போது, அந்தக் கிளினிக்கில் பார்த்த ஒருவரைப் பற்றிப் பேர் சொல்லாமல் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும்.

இன்று மாலை முதல் செய்தியை அனுப்பிவிடுங்க.